மில்லுக்குப் பின்னால் ஒரு தெரு

பொன்மணி கவுன்சிலரான முதல் கோடையிலேயே சொந்தத் தெருவின் பகையைத் தேடிக்கொண்டாள்.

வெயிலையும் வெள்ளத்தையும் சமாளிக்க, புகையைக் குறைக்க என்று ராஜபாளையத்துக்கு ஒரு திட்டம் தயாராகிக்கொண்டிருந்தது. அதில் இந்தக் கோடைக்குள் முடியக்கூடிய வேலை ஒன்றுதான்: சிமெண்டுத் தகடு போட்ட கூரைகளுக்கு வெயிலை உள்ளே விடாத வெள்ளைப் பூச்சு. இப்போதைக்கு வார்டுக்கு ஒரு தெரு. எந்தத் தெரு என்பதைக் கவுன்சிலர் சொல்ல வேண்டும்.

என்ஜினியர் நவநீதகிருஷ்ணன் வெப்பம் அளந்த வரைபடத்தை விரித்தார். மில்லுக்குப் பின்னால் இருந்த தெருதான் ஆகச் சிவப்பாக இருந்தது.

"ராத்திரியிலயும் இங்க சூடு எறங்கல மேடம்" என்றார்.

தேர்தலில் பொன்மணியை எதிர்த்து நின்ற சுடலைமாடத்தியின் தெரு அது. ஓட்டுக் கேட்டுப் போனவளின் முகத்துக்கு நேரே கதவைச் சாத்திய தெரு.

விஷயம் எப்படியோ கசிந்து, சாயங்காலமே பக்கத்து வீட்டு ரத்தினம் ஆட்களோடு வந்துவிட்டார். "ஓட்டுப் போட்டது நாங்க. குளிர்ச்சி மட்டும் அவியளுக்கா?"

பொன்மணி ஏதோ சொல்லி மழுப்பி அனுப்பினாள். மறுநாள் உச்சிவெயிலில் யாரிடமும் சொல்லாமல் அந்தத் தெருவுக்குப் போனாள். தெருமுனையில் நின்ற லாரியின் நிழலில் சுடலைமாடத்தியின் மருமகள் விஜி கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள்.

"இங்க எதுக்கு இருக்க?"

"வீட்டுக்குள்ள பிள்ளையப் போட முடியலக்கா. லாரி கெளம்பிட்டா வேற எங்கயாவது நெழலு பாக்கணும்."

பொன்மணி நேராக என்ஜினியரிடம் போய் அந்தத் தெருவின் பேரையே சொன்னாள்.

பூச்சு அடிக்கிற ஆட்களோடு பொன்மணி வந்த அன்று சுடலைமாடத்தி வாசலை மறித்து நின்றாள். "எவனும் எங்க கூரையில ஏறப்பிடாது. இவ பேரச் சொல்லி அடிக்கிற பெயிண்டுக்குக் கீழ நான் படுக்கணுமாக்கும்?"

"பேரெல்லாம் எழுத மாட்டாங்க மதினி. வெறும் வெள்ளைதான்" என்றாள் பொன்மணி.

உள்ளேயிருந்து விஜி வந்தாள். "அத்தை, பிள்ளைக்கு ஒடம்பெல்லாம் வேர்க்குரு. வேணும்னா நீங்க வெளிய படுத்துக்கோங்க. அவிய ஏறட்டும்."

மருமகள் அப்படி எதிர்த்துப் பேசி சுடலைமாடத்தி கேட்டதில்லை. முந்தானையை உதறிக்கொண்டு ஒதுங்கினாள்.

ஆனால் செத்த நேரத்தில் பெயிண்ட் அடிக்கிறவன் கூரைமேல் போட்டிருந்த பலகையை விட்டுக் கால் தவறி மிதிக்க, தகடு ஒன்று பிளந்துபோனது.

"பாத்தியாட்டி! ஒன் காலு பட்ட நேரம்!" என்று பொன்மணியைப் பார்த்துக் கத்தினாள் சுடலைமாடத்தி.

பொன்மணி கணவன் ஐயாதுரைக்குப் போன் போட்டாள். லோடு ஆட்டோவில் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய்விட்டு அவன் அப்போதுதான் திரும்பிக்கொண்டிருந்தான்.

"நம்ம வண்டிக் கொட்டகைத் தகட்டுல ஒண்ணக் கழத்திக் கொண்டாங்க."

"ஏட்டி, மழ வந்தா வண்டி நனையுமே?"

"மொதல்ல மழ வரட்டும்."

முணுமுணுத்துக்கொண்டேதான் கொண்டுவந்தான். பொழுது சாய்வதற்குள் கூரை முழுக்க வெளுத்துவிட்டது.

வெயில் என்னவோ குறையவில்லை. ஆனால் வீட்டுக்குள் மின்விசிறி அனலை வாரி இறைப்பது நின்றது. விஜி மத்தியானத்தில் குழந்தையை உள்ளேயே தூங்கவைத்தாள். ரத்தினமோ பொன்மணியைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். அது அவளுக்கு வலிக்கத்தான் செய்தது.

அடுத்த மாதம் வார்டுக் கூட்டத்தில் அதே திட்டத்தில் வரும் ஓடை தூர்வாருவதைப் பற்றிப் பேச்சு வந்தது. எப்போதும் எட்டிப் பார்க்காத சுடலைமாடத்தி முன்வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தாள். பொன்மணி பேசி முடிப்பதற்குள் எழுந்துவிட்டாள்.

"எல்லாஞ் சரி. எங்க தெருச் சாக்கடை அந்தத் திட்டத்துல இருக்கா, இல்லியா?"

"இல்ல மதினி. சொல்லுங்க, சேப்போம்."

சுடலைமாடத்தி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, மில் சுவரோரம் அடைப்பு ஆரம்பிக்கிற இடத்திலிருந்து சொல்லத் தொடங்கினாள்.