வாதி மலர்க்கொடி

2010ஆம் வருடம் ஆடி மாதம். சிதம்பரம் மேலவீதியை ஒட்டிய சந்தில் மலர்க்கொடி தன் நோட்டுப் புத்தகக் கடையைத் திறந்துகொண்டிருந்தாள். கடலூரிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்த அண்ணன் காத்தவராயன், ஒரு காகிதத்தை அவள் முகத்துக்கு நேரே நீட்டினான். கோர்ட் சம்மன்.

"கூடப் பொறந்தவன் மேலயே கேஸ் போட்டுட்ட இல்ல?"

"நான் எங்கண்ணே போட்டேன்?"

"படிச்சுப் பாரு. வாதி யாருன்னு போட்டிருக்கு?"

வாதி மலர்க்கொடி. பிரதிவாதி காத்தவராயன். எழுத்துக்கூட்டிப் படிக்கவே வேண்டியிருக்கவில்லை, அத்தனை பெரிதாக அச்சடித்திருந்தார்கள்.

இரண்டு வருடங்களுக்கு முன், கடலூர் துறைமுகத்தில் அவள் பெயரில் ஒரு வலைக்கடை இருந்தது. அவளும் கணவன் பொன்னுரங்கமும் சேர்ந்து நடத்தியது. பக்கத்துக் கொட்டகையில் காத்தவராயனின் வெல்டிங் பட்டறை. நடுவில் ஒரு தகரத் தடுப்புதான். "மச்சான், தீப்பொறி இந்தப் பக்கம் வருது, தடுப்பை மாத்து" என்று பொன்னுரங்கம் எத்தனையோ தடவை சொன்னான். காத்தவராயன் கேட்கவில்லை. 2008 மே மாதம் பதினோராம் தேதி மதியம், நைலான் வலைகளும் கயிறும் அரை மணி நேரத்தில் எரிந்து கருகின.

இன்சூரன்ஸ் இருந்ததால் பிழைத்தார்கள். கம்பெனி பணம் கொடுத்தது, கையெழுத்தும் வாங்கிக்கொண்டது. மறு ஜனவரியில் பொன்னுரங்கம் மாரடைப்பில் இறந்துபோனான். வலைக்கடையை மறுபடி எழுப்பத் தெம்பில்லாமல், மிஞ்சியதை எடுத்துக்கொண்டு அவள் சிதம்பரம் வந்தாள்.

சம்மனோடு அவள் கடலூர் போய்க் கம்பெனி வக்கீல் நடனசபாபதியைப் பார்த்தாள்.

"நான் கேஸ் போடலைங்க. வாபஸ் வாங்குங்க."

வக்கீல் நிமிரக்கூட இல்லை. "கேஸ் கம்பெனியோடதும்மா. பேரு மட்டும்தான் உங்களுது. நஷ்டத்தைக் கம்பெனி குடுத்தாச்சு. நஷ்டம் பண்ணவன்கிட்ட கேக்கற உங்க உரிமை இப்ப கம்பெனிக்கு வந்தாச்சு. அதுக்குத்தான் அன்னிக்குக் கையெழுத்துப் போட்டீங்க."

"அவரு எங்க அண்ணங்க."

"நெருப்புக்கு அது தெரியாது. ஒண்ணு சொல்றேன், கேட்டுக்குங்க. அவரு மேல எந்தக் கோரிக்கையும் இல்லைன்னு எப்பவாச்சும் ஒரு வரி எழுதிக் குடுத்திருந்தீங்கன்னா, கம்பெனிக்கு உரிமையே இல்லாமப் போயிடும். அப்புறம் குடுத்த பணத்தை உங்ககிட்டதான் திருப்பிக் கேப்பாங்க."

"அப்படி எதுவும் எழுதிக் குடுக்கல."

விசாரணைக்கு நாள் குறிக்க ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. அதற்குள் காத்தவராயனின் மனைவி மங்கம்மா அண்ணன் மேலேயே கேஸ் போட்டவள் என்று துறைமுகம் முழுக்கப் பரப்பிவிட்டாள். சொந்தக்காரர்கள் சிதம்பரம் வந்தாலும் மலர்க்கொடியின் கடைப்பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. சாட்சிக்கு முதல் நாள் அண்ணன் போன் செய்தான்.

"தீ எப்படிப் புடிச்சதுன்னு பார்க்கலைன்னு சொல்லு. அது போதும். என் பட்டறையக் காப்பாத்து."

அவள் பார்த்திருந்தாள். தகர இடுக்கில் பொறி விழுந்ததும் கத்தியவள் அவள்தான். இருந்தாலும் "சரிண்ணே" என்றாள். இரவெல்லாம் யோசித்து, பொய்தான் சொல்வது என்று முடிவும் செய்திருந்தாள்.

மறுநாள் சார்பு நீதிமன்றத்தில் கூண்டில் ஏறினாள். காத்தவராயனின் வக்கீல் குறுக்கு விசாரணையை ஆரம்பித்ததுமே ஒரு தாளை எடுத்து நீட்டினார்.

"இது உங்க கையெழுத்துதானே?"

"ஆமாங்க."

"2008 மே பதினாலு. தீப்பிடிச்சு மூணு நாள் கழிச்சு. அண்ணன் மேல எந்தக் கோரிக்கையும் இல்லைன்னு எழுதிக் குடுத்திருக்கீங்க. சரிதானே?"

நடனசபாபதி சட்டென்று எழுந்து அவளையே முறைத்தார். பெஞ்சில் அண்ணன் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தான். பார்க்கவில்லை என்று சொல்லச் சொன்னானே, இந்தத் தாளைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னானா? தான் தப்பித்தால் கம்பெனி யாரைப் பிடிக்கும் என்று அவனுக்கும் அவன் வக்கீல் சொல்லித்தானே இருப்பார்?

"படிச்சுப் பார்க்கலாங்களா?" என்று கேட்டாள். நீதிபதி அனுமதித்தார்.

முதல் வரியிலேயே நின்றுவிட்டாள். 'காலஞ்சென்ற பொன்னுரங்கத்தின் மனைவி மலர்க்கொடி ஆகிய நான்.'

"ஐயா," என்றாள். "இந்தத் தேதியில எங்க வீட்டுக்காரரு உசுரோட இருந்தாரு. அதுக்கப்புறம் எட்டு மாசம் கழிச்சுதான் செத்தாரு. சர்டிபிகேட்டு வச்சிருக்கேன்."

நீதிபதி தாளை வாங்கித் தேதியைப் பார்த்தார்.

"தீப்பிடிச்ச அன்னிக்கு, ஸ்டேஷன்ல குடுக்கணும்னு அண்ணன் வெறுந்தாள்ல கையெழுத்து வாங்குச்சு. அது இதுதான். அப்புறமா அதுல எழுதிச் சேர்த்திருக்கு."

"தீ எப்படிப் பிடிச்சது?" நீதிபதியே கேட்டார்.

"அண்ணன் பட்டறைப் பொறி. என் கண்ணால பார்த்தேன்."

மதியம் கோர்ட் வாசலில், ஷேர் ஆட்டோ நிற்குமிடத்தில் காத்தவராயன் அவளை மறித்தான்.

"குடும்பத்தையே அழிச்சிட்ட. நல்லாயிருப்பியா நீ?"

"என் புருசன் உன்கூட உக்காந்து சோறு தின்னுக்கிட்டிருந்த நாள்லயே அவரைச் சாவடிச்சிட்டியேண்ணே. எழுதறப்போ கை கூசலையா?"

"வக்கீல் எழுதுனாரு. எனக்கென்ன தெரியும்."

"தேதி நீதான சொல்லியிருப்ப."

அவன் கை ஓங்கினான். ஆட்டோக்காரர் ஒருவர் இறங்கி நடுவில் வந்து நின்றார்.

2012இல் தீர்ப்பு வந்தது. வாதிக்குச் சாதகம் என்று எழுதியிருந்தது. அந்த வாதிக்கு ஒரு ரூபாய்கூட வரவில்லை. நடனசபாபதி போனில் வாழ்த்துச் சொன்னார். "எனக்கு எதுக்குங்க வாழ்த்து?" என்று அவள் போனை வைத்தாள். காத்தவராயன் பட்டறை இடத்தை விற்றுக் கம்பெனிக்குக் கட்டினான். கோர்ட் அமீனா கொண்டுபோன நோட்டீஸிலும் அவள் பெயர்தான் இருந்ததாம். மங்கம்மா அதைக் கிழித்து வாசலில் போட்டு மிதித்தாள் என்று கேள்விப்பட்டாள்.

இப்போதும் துறைமுகத்தில் யார் வீட்டுக் கல்யாணம் என்றாலும் மலர்க்கொடி போகிறாள். போகாமலிருக்க அவள் தப்பேதும் செய்யவில்லை. அண்ணன் குடும்பம் முதல் பந்தியில் உட்கார்ந்தால், இவள் அடுத்த பந்திக்குக் காத்திருக்கிறாள். பரிமாறுகிறவர்களுக்கும் அது பழகிவிட்டது.