சாம்பலில் பதிந்த கை

பள்ளத்தாக்குக்குள் புகை விருந்தாளியைப் போல வந்து வீட்டுக்காரனைப் போல உட்கார்ந்துவிட்டது. காலையில் சன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுக் கூரை தெரிவதில்லை. கதவிடுக்குகளில் எல்லாரும் ஈரத்துணி செருகியிருந்தார்கள். ஆஸ்பத்திரி பெஞ்சில் குழந்தைகள் இருமிக்கொண்டிருந்தன. காடு எங்கோ எரிகிறது, அதில் சந்தேகமில்லை. எங்கே என்றால் ஆளுக்கொரு மலையைக் காட்டினார்கள். பார்த்துச் சொல்ல வேண்டிய காவல் கோபுரமே புகைக்குள் மூழ்கிக் கிடந்தது.

அன்று காலைதான் புகை கொஞ்சம் கீழே இறங்கி, கோபுரம் தலைகாட்டியது. சற்று நேரத்தில் வனத்துறை ரேஞ்சரம்மா மரம் அறுக்கும் மில்லின் வாசலில் ஜீப்பை நிறுத்தினாள். மில்காரர் ரம்பத்துக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.

"ஐயா, கோபுரத்திலேர்ந்து தகவல் வந்தாச்சு. புகை கிண்ணப்பள்ளத்திலேர்ந்து வருதாம். போன வாரம் அங்க யாரோ தங்கினதா மாடு மேய்க்கிறவங்க சொல்றாங்க. மரம் பாக்க உங்க ஆளுங்கதானே அந்தப் பக்கம் போவாங்க. உங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

மில்காரர் கையைத் துணியில் துடைத்தார். ஒரு விரல் விடாமல் துடைத்தார்.

"தங்கினது எம் பையன். சாய்ஞ்ச மரத்துல எதை அறுக்க எடுக்கலாம்னு குறி போடப் போனான்."

ரேஞ்சரம்மா இதை எதிர்பார்க்கவில்லை. "தீ மூட்டினாரா?"

"மலைக்குளிர்ல பின்ன கையைத் தேய்ச்சுக்கிட்டா படுப்பான்?"

"அணைச்சிட்டுத்தானே இறங்கினாரு?"

"எங்க வீட்டுப் பிள்ளை அணைக்காம இறங்க மாட்டான். வாங்க, நானே வரேன். பாத்துடுவோம்."

சொன்ன குரல் கம்பீரமாகத்தான் இருந்தது. அவள் ஜீப்புக்குத் திரும்பியதும் துடைத்த கையையே மறுபடி துடைத்தார். மகனிடம் அவர் இந்தக் கேள்வியைக் கேட்டதே இல்லை. போதாததற்கு, கோபுரத்தில் உட்கார்ந்து திசை சொன்னவர் அவருடைய சம்பந்தி. மகளைக் கொடுத்த வீட்டிலிருந்தே விரல் நீண்டிருக்கிறது.

கம்பளிச் சட்டையை எடுக்க உள்ளே போனார். மனைவி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றிருந்தாள்.

"அவனைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டாத்தான் என்ன?"

"கேட்டா சந்தேகப்பட்டேன்னு ஆகும்."

"சந்தேகம்தானே படுறீங்க."

"அது எனக்குள்ள இருக்கட்டும்."

"உங்களுக்குள்ளயா? மூஞ்சி பூரா எழுதி ஒட்டியிருக்கு." சட்டையைக் கையில் கொடுத்தாள். "அவன் இறங்கி வந்த அன்னைக்கு இடி மட்டும் அப்படி இடிச்சுது, ஒரு பொட்டு மழை இல்ல. மழை பெஞ்சிருந்தா இந்தப் பேச்சே வந்திருக்காது."

பின்வாசலில் மகன் பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தான். அவன் காதிலும் விழாமல் இருந்திருக்காது. "நானும் வரேன்ப்பா" என்றான். பூட்ஸ் கயிற்றை இழுத்து முடிந்தான். அவர் கேட்கவில்லை, ஜீப்பை நோக்கி நடந்தார்.

அந்த வீட்டில் நெருப்புக்கென்று ஒரு முறை உண்டு. மரத்தூளோடு பிழைக்கிற குடும்பம், ஒரு பொறி பறந்தால் பாட்டன் சொத்தெல்லாம் சாம்பல். அதனால் தண்ணீர் ஊற்றிக் கிளறி, மறுபடி ஊற்றிக் கிளறி, கடைசியில் வெறுங்கையைச் சாம்பலில் அழுத்தி வைக்க வேண்டும். கை சுடவில்லை என்றால்தான் அணைந்ததாக அர்த்தம். ஊர் இதைக் கேலி செய்யும். "மில்காரர் வீட்டுல அடுப்புக்குக்கூட ஆசீர்வாதம் உண்டு" என்பார்கள்.

ஜீப் ஏறுகிற வரை ஏறியது. பிறகு முகத்தில் ஈரத்துணி கட்டிக்கொண்டு நடந்தார்கள். கிண்ணப்பள்ளத்தை நெருங்க நெருங்கப் புகை அடர்ந்தது. "கிட்ட வந்துட்டோம்" என்றாள் ரேஞ்சரம்மா. மில்காரருக்கு ஒவ்வோர் அடியும் கனத்தது. மகனுடைய நெருப்புதான் என்றால் என்ன செய்வது என்று வழியிலேயே முடிவு செய்துவிட்டார். நேரே ஆஸ்பத்திரிக்குப் போய், அந்தப் பெஞ்சுக்கு முன்னால் நின்று, "எங்க வீட்டுத் தப்பு" என்று சொல்ல வேண்டும். வேறொருவர் சொல்லி ஊர் கேட்கக் கூடாது. அந்த மூன்று வார்த்தைகளையும் துணிக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். நாக்கு திரும்ப மறுத்தது. திருப்பினார்.

கிண்ணப்பள்ளத்தில் புகை இடுப்பளவு நின்றது. ரேஞ்சரம்மா சுற்றிச் சுற்றித் தேடினாள். எரிகிற மரம் ஒன்றுகூட இல்லை. இரண்டு பாறைகளுக்கு நடுவே, காற்றுப் படாத இடத்தில், மகன் அடுக்கிய அடுப்புக்கல் வட்டம் அப்படியே இருந்தது. மில்காரர் அதன் பக்கத்தில் முட்டி போட்டார்.

சாம்பல் ஈரத்தில் குழைந்து, காய்ந்து, சுவர்ப்பூச்சு போல இறுகியிருந்தது. நட்டநடுவில் ஒரு கை. ஐந்து விரலும் தெளிவாக இருந்தன. மோதிர விரல் மட்டும் பாதியில் நின்றது. மகன் வேலை பழகிய வயதில் ரம்பம் கொண்டுபோன விரல் அது.

அவர் தன் கையை அந்தக் கையின் மேல் வைத்தார். சில்லென்று இருந்தது. கண்ணில் நீர் கோத்தது. புகை புண்ணியத்தில் யாரும் ஏனென்று கேட்கவில்லை.

ரேஞ்சரம்மா குனிந்து பார்த்தாள். "இது யாரு கை?"

மகன் தன் கையைத் தூக்கிக் காட்டினான். அவள் தலையசைத்தாள். அவன் பள்ளத்தின் மேல் ஓரத்தைப் பார்த்தான். "மேடம், இது இங்க பிறந்த புகை இல்ல. அந்த ஓடை வழியா மேலேர்ந்து வழிஞ்சு வருது, பாருங்க."

அவள் வயர்லெஸ்ஸில் கோபுரத்தைக் கூப்பிட்டாள். அந்தப் பக்கம் கரகரத்தது. "நானே கூப்பிட இருந்தேம்மா. வெயில் ஏறினதும் பள்ளத்துப் புகை கலையுது. இப்போ முகட்டுல, மொட்டைப் பாறைக்குப் பின்னால ஒரே ஒரு இழை நேரா மேல போகுது. அதுதான் வேர்."

மில்காரர் கையை நீட்டி வயர்லெஸ்ஸை வாங்கினார். "சம்பந்தி, நான்தான்."

"சொல்லுங்க சம்பந்தி."

"ராத்திரிக் குளிர்ல புகை இறங்கிப் பள்ளத்துல தேங்கும், வெயில் ஏறினாத்தான் பிறந்த இடம் தெரியும்னு எனக்குச் சொன்னவரே நீங்கதான். இன்னைக்கு விடிஞ்சும் விடியாததுமா என்ன அவசரம்?"

"உங்க பையன் அங்க தங்கினது எனக்குத் தெரியும், மருமக சொன்னா. வெயில் வரட்டும்னு காத்திருந்தா, சம்பந்தி வீட்டுக்காக மூடி மறைச்சான்னு நாளைக்கு ஊர் பேசும். ரெண்டு வீட்டுக்கும் அந்தப் பேரு வேணாம்னுதான் கண்ணுல பட்டதை உடனே சொல்லிட்டேன். இத்தனை வருஷத்துல காத்திருக்காம சொன்னது இது ஒண்ணுதான்."

கோபம் வர வேண்டிய இடம்தான். வரவில்லை. அந்தக் கோபுரத்தில் தான் இருந்திருந்தாலும் இதையேதான் செய்திருப்போம் என்று மில்காரருக்குத் தோன்றியது.

"மரியாதையா நடந்துக்கிட்டீங்க. ஆனா வேலையைக் கெடுத்துட்டீங்க."

"ரெண்டையும் ஒத்துக்கறேன்."

"அடுத்த தடவை வெயிலுக்குக் காத்திருங்க. ஊர் வாய்க்கு நான் பதில் சொல்லிக்கறேன்."

மொட்டைப் பாறைக்குப் பின்னால் மின்னல் பிளந்த பெரிய மரம் ஒன்று நின்றது. மகன் இறங்கி வந்த அன்று மழையில்லாமல் இடித்த அந்த இடி விழுந்த மரம். வயிற்றுக்குள் நெருப்பை வைத்துக்கொண்டு இத்தனை நாளும் கமுக்கமாகப் புகைந்து, கீழே சருகு மெத்தைக்குள்ளும் இறங்கியிருந்தது. தீயணைப்பு ஆட்கள் வந்து சுற்றிலும் பள்ளம் வெட்டி, மரத்தைச் சாய்த்து, முதுகில் மாட்டிய தொட்டியிலிருந்து தண்ணீர் அடித்தார்கள். பிற்பகலில் ரேஞ்சரம்மா மூச்சு விட்டாள். "அணைஞ்சிடுச்சு."

"இருங்க" என்றார் மில்காரர்.

அவரும் மகனும் பக்கத்தில் பக்கத்தில் முட்டி போட்டுச் சாம்பலில் கையை அழுத்தினார்கள். ஓரிடத்தில் சுட்டது. அங்கே மறுபடி தண்ணீர் வந்தது. இரண்டாம் முறை ரேஞ்சரம்மாவும் கையுறையைக் கழற்றிவிட்டுக் கையை வைத்தாள், எங்கும் சுடவில்லை.

இறங்கும்போது மகன் சொன்னான். "அப்பா, நீங்க ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

"நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"கேக்காமலே சொன்னா பயந்து சொன்ன மாதிரி இருக்கும்."

மில்காரர் திரும்பி அவனைப் பார்த்தார். கோணாத முதுகு, இறுகிய தாடை. இந்த வீம்பு எங்கிருந்து வந்தது என்று விசாரிக்கத் தேவை இருக்கவில்லை.

வீடு வந்தபோது மனைவி கதவிடுக்கிலிருந்து ஈரத்துணியை உருவிக்கொண்டிருந்தாள். ரேஞ்சரம்மாவின் ஆட்கள் சேதியை முன்னாலேயே கொண்டுவந்துவிட்டார்கள். இருவர் கையையும் பார்த்தாள்.

"இந்தக் கரிக்கையோட கதவைத் தொடாதீங்க." செம்பைச் சரித்துத் தண்ணீர் ஊற்றினாள். "கடைசியில அவனைக் கேட்டீங்களா, இல்லையா?"

"அவசியம் வரல."

"அதானே" என்றாள். தெருப்பக்கத்துச் சன்னலைத் தள்ளினாள். எதிர்வீட்டுக் கூரை தெரிந்தது. அதன் மேல் யாரோ நின்று போர்வையை உதறிக்கொண்டிருந்தார்கள்.