பெயர் எழுதாத துண்டு

இராசமலர் மேடையேறும்போது வெயில் இன்னும் கடலில் கிடந்தது. ஆறு மணிக்கு ஊரடங்கு. அதனால் அந்த வருடம் திருகோணமலைக் கோயில் திருவிழாக் கச்சேரிகள் நாலு மணிக்கே தொடங்கின.

பத்தொன்பது வயதில் பாடிய ஒரு பாட்டுத்தான் அவளை ஊர் ஊராகக் கூட்டிப்போனது. திருகோணமலை பஸ்களிலெல்லாம் அந்தப் பாட்டுக் கசற் ஓடிற்று.

வெளிச்சவீட்டு விளக்கே
கொஞ்சம் திரும்பிப் பாரன்
நான் நிற்கும் கரை தெரியுதா

அந்தக் 'கரை'யை அவள் மூச்சு முடியும்வரை இழுப்பாள். சனம் சொக்கிப்போய் இருக்கும். ஒரே ஒருவன்தான் குறை சொன்னான். பாட்டுக் கேட்டு எழுதி மேடைக்கு வரும் கடதாசித் துண்டுகளோடு பெயரில்லாத துண்டொன்றும் வந்தது. 'இழுவை கூடிப்போச்சு. வலை அறுந்துபோகும்.' எழுதியவன் கட்டைபறிச்சான் ஊர் மீன்பிடிகாரன் அருளம்பலம். அவனையே கட்டிக்கொண்டாள். அதன் பிறகும் கச்சேரிக்குக் கச்சேரி அந்தத் துண்டு வந்தது. அது இருவருக்கு மட்டுமே தெரிந்த பகிடி.

போன வருடம் சம்பூரில் ஷெல் விழுந்தபோது தன் தாயைக் கூட்டிவரப் போன அருளம்பலம் திரும்பவில்லை. சனம் முகாம் முகாமாகச் சிதறியது. உயிரோடு இருக்கிறோம் என்று பெயரும் ஊரும் எழுதி முகாம்களிலிருந்தும் துண்டுகள் வரத் தொடங்கின. அவள் ஒவ்வொரு பெயராக வாசிப்பாள். 'அவன் இருக்கிறான்' என்று கூட்டத்தில் யாராவது அழுவார்கள். அவள் பெயரில்லாத துண்டைத் தேடுவாள்.

இன்று மூதூர் றஊப் மட்டக்களப்பு முகாம்களுக்கு மீன் லொறி ஓட்டிவிட்டு ஒரு பை நிறையத் துண்டு கொண்டுவந்திருந்தான்.

"அக்கா, இவ்வளவையும் வாசிச்சா பாட ஏலாது" என்றான் ஓகன் வாசிக்கும் ஸுஹைர்.

"பாட்டு கசற்றில கிடக்கு. பேர் கிடக்கா?"

"சனம் பாட்டுக் கேக்கத்தானே வந்தது?"

"நீ போய்க் கேட்டுப் பார், தம்பி."

ஸுஹைர் விரல்களை ஓகனில் வைத்து மெல்ல வாசித்தான். அவள் பெயர்களை வாசித்தாள். தங்கத்துரை, சம்பூர். புஷ்பவதி, பிள்ளைகள் மூன்று பேர், ஈச்சிலம்பற்று. வெயில் நீரிலிருந்து எழும்பிப் போய்க்கொண்டிருந்தது. கடற்படைக் கப்பல்கள் நிழலாயின.

ஐந்தரை மணி. பையின் அடியில், சிகரெட் பெட்டியின் உள்தாளில், சரிந்த எழுத்து.

'இழுவை கூடிப்போச்சு.'

கீழே பெயர் இல்லை. அவள் வாசிப்பை நிறுத்தினாள்.

"என்னக்கா, ஆரின்ர துண்டு?"

"பேர் போடேல்ல."

"அப்ப விடுங்க."

"இல்ல. இவருக்குப் பாடவேணும். எடு சுருதியை."

முதல் இரண்டு வரியும் தண்ணீரில் நடப்பதுபோல் போயின. மூன்றாவது வரியில் 'கரை' வந்தது. அவள் இழுத்தாள். ஸுஹைர் ஓகனில் அடுத்த சுரத்துக்குப் போய்த் திரும்பி வந்து காத்திருந்தான். அவள் விடவில்லை. குரல் குடாவைக் கடந்து, கட்டைபறிச்சானைக் கடந்து, முகாம்களை நோக்கித் தெற்கே தெற்கே போனது. வலை அறுந்தால் அறுந்துபோகட்டும் என்று இழுத்தாள்.