கூரை தொடாத சுவர்

என் தங்கை டெல்ஃபீனின் வீட்டைப் பார்த்தவர்கள் எல்லாம் ஆகா ஓகோ என்றார்கள். எனக்கு மட்டும் அது கடைசிவரை வீடாகத் தோன்றவே இல்லை. மில்வாக்கி ஆற்றங்கரையில் ஒரு காலத்தில் காலுறை பின்னிய ஆலை அது. இயந்திரங்களைத் தூக்கிப் போட்டுவிட்டு, தளங்களைத் துண்டு போட்டு, துண்டுக்கு ஒரு குடும்பமாக விற்றுவிட்டார்கள். பூச்சில்லாத செங்கல், தலைக்கு மேலே குழாய்கள், கதவை விடப் பெரிய ஜன்னல்கள். தங்கையின் கணவன் காசிமிர் அந்த ஜன்னல்களைப் பார்த்துத்தான் மயங்கினான்.

"இங்க வேல பாத்த உங்கம்மா இந்த ஆலைய விட்டு வெளிய வரத்தான் ஆயுசு பூரா பாடுபட்டா. நீ சேத்து வெச்சதக் கொட்டி உள்ள போறியே" என்று கேட்டேன்.

"அம்மாவுக்கு ஜன்னலோர சீட்டு கெடைக்கல லொரெய்ன். எனக்குக் கெடைச்சிருக்கு" என்று சிரித்தான்.

உள்ளே ஒரே கூடம்தான். கட்டிலை மறைக்க மட்டும் ஒரு சுவர் எழுப்பியிருந்தார்கள். பழைய கூரையை எந்தப் புதுச் சுவரும் தொடக் கூடாது என்பது அந்தக் கட்டடத்தின் சட்டம்; வரலாற்றுச் சின்னமாம். அதனால் சுவர் பாதியிலேயே நின்றுவிடும். அதற்கு மேலே செங்கல் வளைவுக் கூரை, அடுப்பங்கரையிலிருந்து கட்டில்வரை ஒரே வளைவாகப் போகும். இதனால் அவர்களுக்கு ஒரு தொல்லையும் வந்ததில்லை. இருந்ததே இரண்டு பேர். ஒருவர் படுத்துவிட்டால் மற்றவர் அடுப்பங்கரையில் யாரோடு பேசுவது?

பிறகு காசிமிருக்குக் கணையத்தில் புற்று வந்தது.

"என்ன எங்கயும் தூக்கிட்டுப் போயிடாத. இந்த ஜன்னலுக்குக் கீழயே கண்ண மூடிடறேன்" என்று தங்கையிடம் கேட்டுக்கொண்டான். அவளும் சத்தியம் செய்துகொடுத்தாள். தான் புரண்டால் அவனுக்கு வலிக்கும் என்று கட்டிலை அவனுக்கு விட்டுவிட்டு, அன்றிலிருந்து சோபாவில் படுத்தாள்.

வெள்ளிக்கிழமை தவறாமல் வறுத்த மீன் வாங்கிக்கொண்டு நான் போவேன். அவன் வாசனை மட்டும் பிடிப்பான். மருத்துவர் கை விரித்துவிட்டதை டெல்ஃபீன் அவனிடம் சொல்லவில்லை. ரத்தப் பரிசோதனை முடிவு தேறி வருகிறது என்பாள். "பரவாயில்லையே" என்பான் அவன். நிஜத்தையெல்லாம் அடுப்பங்கரையில் என்னிடம் குசுகுசுவென்று சொல்லி அழுவாள். நாங்கள் அந்தப் பக்கம் நகர்ந்ததுமே அவன் ரேடியோவில் பேஸ்பால் ஆட்டத்தை அலற விடுவான்.

"காது மந்தமாயிடுச்சா உனக்கு?" என்று ஒருமுறை சீண்டினேன்.

"நீங்க ரெண்டு பேரும் நிம்மதியா ஊர்வம்பு பேச வேண்டாமா?" என்றான்.

அக்டோபரில் ஆட்டங்கள் முடிந்தன. ரேடியோவும் வாயை மூடிக்கொண்டது.

அப்படி ஒரு வெள்ளிக்கிழமை. ராத்திரி முழுக்க அவன் வாந்தியெடுத்திருந்தான். துணி அலசியலசி அவள் கை வெந்துபோயிருந்தது. ஃப்ரிட்ஜில் சாய்ந்து நின்று மெல்லச் சொன்னாள்: "சீக்கிரம் முடிஞ்சாத் தேவலன்னு இருக்குடி. என்னால முடியல. காலைல கண்ண முழிச்சா, இன்னிக்கும் இருக்கானேன்னு தோணுது."

நான் அவளைக் கட்டிக்கொண்டேன். களைப்பு யாரைத்தான் விட்டது? என்னை வழியனுப்ப லிஃப்ட் வரை வந்தவள், என் கோட்டைப் பிடித்துக்கொண்டு விம்மினாள். "நான் சொன்னத மறந்துடு. அவன் இல்லாம எனக்கு என்ன இருக்கு? இன்னும் நூறு ராத்திரின்னாலும் அலசுவேன்."

மறுநாள் காலையில் காசிமிர் தானே போன் செய்து, சாகப்போகிறவர்களைப் பார்த்துக்கொள்ளும் இல்லத்தில் இடம் கேட்டுவிட்டான். இங்கே லிஃப்ட் சரியில்லை, அங்கே மெத்தை நன்றாக இருக்கிறதாம் என்றான். டெல்ஃபீன் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சிப் பார்த்தாள். அவன் மசியவில்லை; அந்த இல்லத்துக்கே போய்ப் படுத்துவிட்டான். நவம்பரில், நன்றி நாளின் வான்கோழி விருந்துக்கு முந்தைய வாரம், அவள் குளித்துவிட்டு வர வீட்டுக்குப் போயிருந்த நேரத்தில் கண்ணை மூடிவிட்டான்.

அதிலிருந்து அவளுக்கு ஒரே கேள்விதான். "ஏன் அங்க போனான்? நான் பாத்துக்கிட்டது பிடிக்கலையா?" பாதிரியாரைக் கேட்டாள், தாதியைக் கேட்டாள், சவப்பெட்டிக்கு முன்னால் நின்று அவனையே கேட்டாள். செத்தவனைத் திட்டக் கூடாது என்பார்கள். நான் மனதுக்குள் நன்றாகத் திட்டினேன்.

அடக்கம் முடிந்த சாயங்காலம் அவளைக் கொண்டுபோய் அந்தக் கட்டிலிலேயே படுக்க வைத்தேன். அவன் நோயில் விழுந்த பிறகு அவள் அதில் படுப்பது அதுதான் முதல் தடவை. நானும் என் கணவர் ரோமனும் அடுப்பங்கரையில் பாத்திரம் கழுவினோம்.

"பாவி, கடைசில அவள இப்படிக் கைவிட்டுட்டுப் போயிட்டானே. லிஃப்ட்டாம், மெத்தையாம்" என்று முணுமுணுத்தேன்.

"மெதுவாப் பேசு. அவ காதுல விழும்."

"எங்க விழும்? நடுவுல செவுரு இருக்கே."

"விழுது" என்றாள் டெல்ஃபீன், சுவருக்கு அந்தப் பக்கமிருந்து.

ரோமன் குழாயை மூடினார்.

"லொரெய்ன், ஃப்ரிட்ஜ் கிட்டப் போய் நின்னு ஏதாவது சொல்லு. ரொம்ப மெதுவா."

எதற்குக் கேட்கிறாள் என்று எனக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் போய் நின்று, அவள் பெயரைச் சொன்னேன். எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"கேக்குது" என்றாள். "பக்கத்துல உக்காந்து சொல்ற மாதிரி கேக்குது."

நான் ஓடிப் போய்ப் பார்த்தேன். கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தாள்.

"எனக்காகத்தான் போயிருக்கான்டி. என்னால முடியலன்னு சொன்னேனே, அதக் கேட்டுட்டுப் போயிருக்கான்." என் கையை இறுக்கிப் பிடித்தாள். "லிஃப்ட்டு கிட்ட ஒண்ணு சொன்னேன்ல? அதுவும் அவனுக்குக் கேட்டிருக்கும்ல?"

லிஃப்ட் வெளி நடையில் இருக்கிறது. நடுவில் ஆலைக் காலத்து இரும்புக் கதவு. அந்தக் கதவு பதிந்த சுவர் பழைய சுவர், கூரை வரைக்கும் போகிறது.

"கேட்டிருக்கும்டி" என்றேன்.

அவள் என் கையை விட்டுவிட்டாள்.