நடையைவிட மெதுவாக

பழைய ஜீப்பை இந்த மாதத்தோடு நிறுத்தப் போவதாகச் சூப்பர்வைசர் சொன்னபோது டிரைவரம்மா டீசல் கேன்களை ஏற்றிக்கொண்டிருந்தாள். கையிலிருந்த கேனை அவள் கீழே வைக்கவில்லை. ஏற்றி, கயிறு கட்டி, முடிச்சை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் அவர் பக்கம் திரும்பினாள்.

"ஏன் சார்?"

"போன வாரம் பாறைத்திட்டுல பின்னாடி உருண்டீங்களே, மறந்துபோச்சா? கம்பெனி புது வண்டி வருது. நீங்களும் கொஞ்சம் ஓய்வு எடுத்துக்கலாம்."

ஓய்வாம்! கேட்காத ஆளுக்கு ஓய்வு கொடுப்பதில் சில பேருக்கு எவ்வளவு தாராளம். குன்றின் உச்சியில் செல்போன் கோபுரம். அதன் ஜெனரேட்டருக்கு டீசலும், காவலுக்கு இருக்கும் மூன்று பேருக்குச் சாப்பாடும் பதினோரு வருடமாக அவள் ஜீப்பில்தான் போகின்றன. ஜீப் அவளுடைய சொந்த வண்டி. அதை நிறுத்தினால் அவளும் வீட்டில் முடங்க வேண்டியதுதான். அது அவளால் ஆகாத காரியம்.

உருண்டது உண்மைதான், அதை அவள் மறுக்கவில்லை. மழை மண்ணை அரித்துக்கொண்டு போய்விட்டதால் ஏற்றத்தின் நடுவே நாற்பதடிக்கு வெறும் பாறைப் படிகளாகிவிட்டன. அன்று அரைக் கிளட்ச்சில் முக்கி முக்கி ஏற்றினாள். கிளட்ச் தகடு கருகி நாற்றம் அடித்தது. அப்புறம் பிடிப்பே இல்லாமல் பின்னால் போய்விட்டது.

"மாசக் கடைசி நாள் காலையில வாங்க சார். பக்கத்து சீட்ல உட்காருங்க. முழு லோடோட ஏத்திக் காட்டறேன். நடுவுல நிறுத்தினேன்னா சாவியை நானே குடுத்துடறேன்."

சூப்பர்வைசர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். அந்தச் சிரிப்புதான் அவளுக்குச் சுருக்கென்று தைத்தது.

நேராகத் தம்பியின் பட்டறைக்குப் போனாள். தாடி நரைத்த மெக்கானிக். ஆனால் அக்கா வந்தால் மட்டும் எழுந்து நின்றுவிடுவான். பெரிய இன்ஜின் வைக்கச் சொல்லி ஆளாளுக்கு அவளிடம் யோசனை சொல்லியிருந்தார்கள். அவன் ஒரே பேச்சில் தள்ளிவிட்டான்.

"இன்ஜின்ல பலம் போதும்கா. வேகம்தான் அதிகம். இன்ஜின் நிறைய சுத்தணும், சக்கரம் கொஞ்சமா சுத்தணும். அப்ப கிளட்ச்சைப் போட்டுத் தேய்க்கவே வேணாம்."

சொன்னது சரி. செய்ததில்தான் கோட்டை விட்டான். காயலான் கடையில் பின் சக்கரங்களைச் சுழற்றும் ஆக்ஸில் ஒன்று கிடைத்தது. லாரி வேலைக்கான மெதுவான பல்சக்கரம். பல்லை இரண்டு தரம் எண்ணிப் பார்த்து வாங்கி வந்து மாட்டினான். பட்டறை முற்றத்தில் நன்றாகவே ஓடியது. நான்கு சக்கரத்துக்கும் விசை போகும் லீவரைத் தள்ளியதும் ஜீப் ஒரு துள்ளு துள்ளி, டயர் கிறீச்சிட்டு, அப்படியே இறுகிக்கொண்டது. முன் சக்கரம் பழைய வேகத்தில் இழுக்க, பின் சக்கரம் வரமாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றது.

"முன்னாடிப் பல்லை எண்ணினியா?" என்றாள்.

அவன் அசடு வழிந்தான்.

"முன்னாடி இருக்கிறதும் இதே வண்டிச் சக்கரம்தான்டா!"

பத்து நாள் வீணாகிவிட்டது. பழைய ஆக்ஸிலையே திரும்ப மாட்டிவிட்டு, நடுவில் இருக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸைப் பிரித்தான். முன்னாலும் பின்னாலும் விசை பிரிந்து போகும் பெட்டி அது. அங்கே குறைத்தால் இரண்டு பக்கமும் ஒன்றாகக் குறையும். புதுப் பல்சக்கரம் பெரியது, பெட்டிக்குள் நுழைய மறுத்தது. உட்சுவரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து இடம் பண்ணினான். கண்ணெல்லாம் அலுமினியத் தூள்.

வண்டி தயாராகிவிட்டது. டிரைவரம்மாவின் கால்தான் தயாராகவில்லை. பட்டறைக்குப் பின்னால் சரிவில் கல் அடுக்கி ஏற்றிப் பார்த்தாள். சக்கரம் கல்லில் முட்டும்போதெல்லாம் இடது கால் தானாகக் கிளட்ச்சுக்குப் போனது. மிதித்த கணமே இன்ஜினின் பிடி அறுந்து ஜீப் பின்னால் நழுவியது.

"காலை எடுக்கா! இறுக்கிப் பிடிக்கிறதே இன்ஜின்தான். நீதான் அதைக் கழட்டி விடறே."

"தெரியுதுடா. காலுக்குத் தெரியலையே."

அவளுக்கு அழுகை வந்தது. பதினோரு வருடம் சோறு போட்ட கால் இப்படிக் காலை வாரும் என்று யார் கண்டார்கள்!

கடைசி நாள் காலை சூப்பர்வைசர் வெள்ளைச் சட்டையில் வந்து உட்கார்ந்தார். பின்னால் பன்னிரண்டு கேன்கள். பாறைத்திட்டின் அடியில், வேகத்தைக் குறைக்கும் லோ லீவரைப் போட்டு, முதல் கியரில் கிளட்ச்சை விட்டாள். எறும்பு ஊர்வதுபோல வண்டி நகர்ந்தது. முதல் படி ஏறியது, இரண்டாவதும் ஏறியது. மூன்றாவதில் இடது முன் சக்கரம் அந்தரத்தில் தொங்க, ஜீப் வலப்பக்கம் சாய்ந்தது.

"கிளட்ச்! கிளட்ச்சை மிதிங்கம்மா! உருளப்போகுது!"

அவளுடைய இடது கால் கிளம்பிவிட்டது. சொன்னால் கேட்காத காலை என்ன செய்வது? அப்படியே தூக்கி இருக்கையில் மடித்துப் போட்டாள். அடுத்து வலது காலையும் தூக்கினாள். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, பந்தியில் உட்கார்ந்தவள்போலச் சம்மணம் போட்டுக்கொண்டாள்.

சூப்பர்வைசர் முகத்தில் ஈயாடவில்லை. இன்ஜின் பாட்டுக்கு நிதானமாகத் துடித்தது. தொங்கிய சக்கரம் கல்லைத் தொட்டது, பற்றியது, ஏறியது.

"நிறுத்துங்க! நான் இறங்கிக்கறேன்!"

"நிறுத்தினா சாவியைக் குடுக்கணுமே சார். அப்படியே இறங்கிக்கோங்க. உங்க நடையைவிட மெதுவாத்தான் போகுது."

அவர் ஒரு காலை வெளியே விட்டு, தடுமாறி, இறங்கியேவிட்டார். ஜீப் அவருக்காக நிற்கவில்லை. ஈரப்பாறையில் இரண்டு கையையும் ஊன்றித் தவழ்ந்து அவர் உச்சிக்கு வந்து சேர்ந்தபோது, டிரைவரம்மா கயிற்றை அவிழ்த்து இரண்டு கேன்களை இறக்கிவிட்டிருந்தாள்.

"சரிம்மா," என்று மூச்சு வாங்கினார். "நீங்களே ஓட்டுங்க. நான் ஆபீஸ்ல சொல்லிடறேன்."

"நீங்க சொல்லணும்னு நான் ஏறலை சார். டீசல் மேல வரணும்னு ஏறினேன்," என்றாள். மூன்றாவது கேனைத் தூக்கி அவர் கையில் கொடுத்தாள். "பிடிங்க, இன்னும் ஒன்பது இருக்கு."