போஹ்தானா கையில் வைத்திருந்த குல்லா

எங்கள் ஊர்த் திருவிழாவில் தலையைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடலாம். பூவளையம் இருந்தால் கல்யாணமாகாத பெண். வெள்ளைக் குல்லா இருந்தால் கல்யாணமானவள். செக் நாட்டிலிருந்து அமெரிக்காவின் நெப்ராஸ்காவுக்குக் கப்பலேறி வந்தவர்கள் எதையெதையோ விட்டுவிட்டு வந்தார்கள், இதை மட்டும் விடவில்லை. உடுப்பு விஷயத்தில் யாராவது தப்புப் பண்ணினால் எனக்கு ரத்தம் கொதிக்கும். என்னைக் கண்டாலே பெண்பிள்ளைகள் பாவாடையைச் சரிசெய்துகொள்வார்கள்.

அப்படிப்பட்ட நான் பெற்ற மகள், திருவிழா அன்று காலையில் கையில் குல்லாவோடு நிற்கிறாள்! அதுவும் என் கல்யாணக் குல்லா. பெட்டியின் அடியிலிருந்து தோண்டி எடுத்திருக்கிறாள்.

"ஏண்டி போஹ்தானா, மூளை கழண்டுபோச்சா? ராணிப் போட்டிக்கு வளையம்தான்டி வைக்கணும்."

"இது அழகா இருக்கும்மா."

"அழகா இருக்காம்ல! கல்யாணம் ஆகாதவளுக்குத்தான் கிரீடம். இதோட போனா அந்த யார்மிலா உன்னை மேடையிலயே ஏத்தமாட்டா."

யார்மிலாதான் நடுவர். போன வருஷம் அவள் மகள் ராணியானதிலிருந்து, உருளைக்கிழங்கு விலையைப் பற்றிப் பேசினாலும் கிரீடத்தில் கொண்டுவந்து முடிப்பாள். இந்த வருஷம் அது என் வீட்டுக்கு வந்தே ஆகவேண்டும். அதற்காகத்தான் குளிர்காலம் முழுக்கக் கண் எரிய எரிய இவள் ரவிக்கைக்குப் பூவேலை செய்தேன்.

வளையத்தைத் தலையில் வைத்தேன். எடுத்துவிட்டாள். மறுபடி வைத்தேன். அதைக் கழற்றிக் கசகசா ரொட்டித் தட்டின் மேல் போட்டுவிட்டு, ஒரு ரொட்டியைக் கடித்தாள். வருஷம் பூராவும் ஜீன்ஸில் திரிகிறவளுக்குத் திடீரென்று குல்லா மேல் என்ன ஆசை? எனக்குத் தலை வெடித்துவிடும்போல் இருந்தது.

மைதானத்தில் பக்கத்து ஊர் வாத்தியக் கோஷ்டி வாசித்துக்கொண்டிருந்தது. அக்கார்டியன்காரன் லுமீர் எங்களைப் பார்த்ததும் பாட்டை அப்படியே பாதியில் விட்டான். தூக்கத்தில்கூடப் பிசகாமல் வாசிக்கிறவன்! அவன் பார்வை இவள் முகத்தில் இல்லை, குல்லாவில் இருந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. காலையிலிருந்து இவள் குல்லாவைக் கையில்தான் வைத்திருக்கிறாள். ஒரு தடவைகூடத் தலையில் வைத்துப் பார்க்கவில்லை. முதல் குல்லாவை யாரும் தானே வைத்துக்கொள்வதில்லை. கல்யாண ராத்திரி, வளையத்தை இறக்கிவிட்டுக் கல்யாணமான பெண்கள்தான் வைக்கவேண்டும். மணப்பெண் இரண்டு தடவை தட்டிவிட்டு, மூன்றாவதில் தலையைக் கொடுப்பாள்.

"எப்போடி?" என்றேன்.

"வசந்த காலத்துல. லிங்கன் டவுன்ல, கோர்ட்டுல." கண் கலங்கிவிட்டது அவளுக்கு. "நீ கிரீடம் கிரீடம்னே இருந்தியாம்மா... சொல்ல வாய் வரல."

"அடிப்பாவி! ஊரையே கூட்டிப் பண்ணியிருப்பேனே. சரி, இத்தனை நாள் மறைச்சவ, இன்னிக்கு ஒருநாள் வளையத்த வச்சுத் தொலைச்சா என்ன?"

"பொய்யா வளையம் வைக்க முடியலம்மா. உன் பொண்ணாச்சே நான்."



ஒலிபெருக்கியில் யார்மிலா அவள் பெயரைக் கூப்பிட்டாள். அந்தக் கிரீடத்தை நினைத்து வயிறு எரிந்தது, பொய் சொல்வானேன். ஆனாலும் மேடைப் படிக்குப் பக்கத்து பெஞ்சில் மகளை உட்காரவைத்தேன். கூட்டம் பார்க்கக் குல்லாவை அவள் தலையில் வைத்தேன்.

தட்டிவிட்டாள். புல்லில் போய் விழுந்தது. பொறுக்கி வந்து வைத்தேன். மறுபடி தட்டிவிட்டாள், கழுதை, சிரிக்க வேறு செய்கிறாள். லுமீர் அக்கார்டியனோடு ஓடிவந்து நின்றான். யார்மிலா மேடையில் வாயைப் பிளந்துகொண்டு நின்றாள்.

மூன்றாவது தடவை போஹ்தானா தலையைக் குனிந்தாள். நாடாவைக் கையில் எடுத்தேன், கட்டாமல் மேடைப் பக்கம் திரும்பினேன்.

"என்னடி வேடிக்கை, யார்மிலா? நீயும் கல்யாணமானவதானே," என்று கத்தினேன். "இறங்கி வந்து இந்த முடிச்சப் போடு."