அங்கே ஒரு பிள்ளை இருக்கிறாள்

பிணவண்டி ஓட்டுகிறவனுக்குத் தெரிந்த அளவு மேலுலகம் பெரிய பெரிய சாமியார்களுக்கும் தெரியாது. பதினோரு வருஷமாக எல்லா மதத்துக்காரர் வீட்டு வாசலிலும் வண்டியை நிறுத்திக் காத்துக் கிடந்தவன் அவன். ஒரு வீட்டில் நேரே சொர்க்கம் என்பார்கள். அடுத்த வீட்டில் தீர்ப்பு நாள் வரைக்கும் தூக்கம் என்பார்கள். இன்னொரு வீட்டில், இந்நேரம் யார் வயிற்றிலாவது போய்ச் சேர்ந்திருப்பார் என்பார்கள். நரகம் என்று மட்டும் யாரும் சொல்லி அவன் கேட்டதில்லை. ஊரையே ஏய்த்துப் பிழைத்தவனுக்கும் செத்த அன்று சொர்க்கம் உறுதியாகிவிடும்.

அவன் எல்லாவற்றையும் காதில் வாங்கிக்கொள்வான். அதற்குக் காரணம் இருந்தது. ஏழு வருஷத்துக்கு முன்னால் அவனுக்கு ஒரு மகள் பிறந்து, இரண்டே நாள் இருந்துவிட்டுப் போய்விட்டாள். பெயர் வைக்கக்கூட அவகாசம் தரவில்லை.

அவனும் மனைவியும் வேறு வேறு மதம், காதலித்துக் கட்டிக்கொண்டவர்கள். அவன் வீட்டு நம்பிக்கைப்படி பிள்ளை சொர்க்கத்தில் இருக்கிறாள். மனைவி வீட்டு நம்பிக்கைப்படி எங்கேயோ மறுபடி பிறந்துவிட்டாள்.

"பிறந்துட்டான்னா யாராவது அவளுக்குச் சோறு ஊட்டுவாங்க, எனக்கு அது போதும்" என்பாள் மனைவி. "உங்க சொர்க்கத்துல அவளுக்கு யாரைத் தெரியும்? தலைகூட நிக்காத பிள்ளை. யாரு தூக்குவா?"

அந்தக் கேள்வியில்தான் அவனுக்கு ஒரு பழக்கம் வந்தது. வண்டியின் பின்கதவைச் சாத்துவதற்கு முன் உள்ளே குனிந்து, படுத்திருப்பவரிடம் மெதுவாகச் சொல்வான்.

"அங்க ஒரு பச்சப்பிள்ளை இருக்கு. ரெண்டு நாள் பிள்ளை. கண்ணுல பட்டா கொஞ்சம் தூக்கி வெச்சுக்குங்க."

எந்தச் சொர்க்கத்தில் இருக்கிறாளோ, யார் கண்டது? அதனால் எல்லா மதத்தாரிடமும் சொல்லிவைத்தான். கடவுளே இல்லை என்று கடைசி மூச்சு வரை சண்டை போட்ட ஒரு வக்கீலையும் விடவில்லை. "இல்லைன்னு சொல்லிக்கிட்டே போறீங்க சார். ஒருவேளை இருந்துட்டா, கோவிச்சுக்காம கொஞ்சம் பாருங்க" என்றான்.

மனைவிக்கு இது தெரியாது. தெரிந்தால் மனசு உடைந்துபோவாளோ என்று மறைத்துவைத்திருந்தான்.

ஒரு நாள் மதியம் பள்ளித் தலைமை ஆசிரியை ஒருவரை ஆஸ்பத்திரியிலிருந்து ஏற்ற வேண்டியிருந்தது. கல்யாணம் ஆகாதவர். சொந்தக்காரர்கள் நேரே மயானத்துக்கு வந்துவிடுவதாகச் சொல்லிவிட்டார்கள். சீருடை தைக்கும் கடையில்தான் மனைவிக்கு வேலை. அந்தப் பள்ளிப் பிள்ளைகளின் உடுப்பெல்லாம் அவள் தைத்ததுதான்.

"பெரிய டீச்சரைத் தனியா அனுப்பக் கூடாது" என்று அவளும் கிளம்பி வந்துவிட்டாள்.

அவள் முன்சீட்டில் ஏறிவிட்டாள் என்று நினைத்து அவன் வழக்கம்போலக் குனிந்து சொல்லிவிட்டு நிமிர்ந்தான். அவள் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தாள்.

"யாரைச் சொன்னீங்க?"

கையும் களவுமாக அகப்பட்டவன் என்ன செய்வான்? எல்லாவற்றையும் சொன்னான்.

"எல்லார்கிட்டயும் ரெண்டு நாள் பிள்ளைன்னா சொன்னீங்க?"

"ஆமா."

"அறிவிருக்கா உங்களுக்கு? அவளுக்கு ஏழு வயசாச்சு. இருபத்தாறு சைஸ் சட்டை போடுற பொண்ணு! அவங்கல்லாம் துணி சுத்தின குழந்தையைத் தேடியிருப்பாங்க. இவ அவங்க முன்னாடியே ஓடிக்கிட்டு இருந்திருப்பா."

பிள்ளை வளர்வாள் என்று அவனுக்கு ஒரு நாளும் தோன்றவே இல்லை. அவன் மனசில் அவள் இன்னும் அந்த ஆஸ்பத்திரித் துண்டுக்குள்ளேயேதான் கிடந்தாள். எத்தனை நூறு பேரிடம் தப்பான அடையாளம் சொல்லி அனுப்பியிருக்கிறான்!

சற்றுப் பொறுத்துத்தான் இன்னொன்றும் உறைத்தது. "அவ எங்கயோ பிறந்துட்டான்னு நீதானே சொல்லுவே?"

"பின்னே வேற என்ன சொல்லிக்கிறது? அவ அங்க தனியா நிக்கிறான்னு நெனச்சா எனக்குத் தூக்கம் வருமா?"

அவள் வண்டிக்குள் ஏறி, டீச்சரின் முகத்திலிருந்த துணியை விலக்கினாள்.

"டீச்சர், இவர் சொன்னது தப்பு. ஏழு வயசுப் பொண்ணு. பேரு கிடையாது. எப்படி இருப்பான்னு..." விலக்கிய துணியின் ஓரத்தை மடித்துவிட்டாள். "எப்படி இருப்பான்னு எங்களுக்கே தெரியாது."

ஏழு வருஷ ஏக்கமும் அந்த ஒரு வாக்கியத்தில் வந்துவிட்டது. அவன் வண்டியின் பின்கதவருகிலேயே நின்றான். அவள் அவன் சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள்.

"அவளுக்கும் எங்களைத் தெரியாது டீச்சர். நாங்க வர்ற அன்னிக்கு, இவங்கதான் உன் அப்பா அம்மான்னு நீங்கதான் அவகிட்ட சொல்லணும். எங்க முகத்தை நல்லாப் பார்த்து வெச்சுக்குங்க."

பிறகு அவன் பக்கம் திரும்பினாள். "கண்ணைத் துடைங்க. அழுத முகத்தோட காட்டாதீங்க."

அவன் சட்டைக் கையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டான். மூடியிருந்த அந்தக் கண்களுக்கு நேராக இருவரும் குனிந்து, ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள்.